பட்டைகளுக்கு நடுவே பிறக்கும் நிறம்

பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, கண்ணைக் கூசவைக்கும் அவருடைய கருப்பு வெள்ளை ஓவியங்கள்தாம். 1965-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய, பார்வையை மயக்கும் ஒளியியல் ஓவியங்களின் கண்காட்சி அவற்றுக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. ஆனால், 1967 முதல் அவர் வண்ணப் பட்டைகளைக் கொண்டு தீட்டியவற்றையே நான் மேலானவையாகக் கருதுகிறேன்.

வட்டத்தையோ சதுரத்தையோ வரைந்தால் பார்ப்பவரின் மனம் முதலில் அந்த உருவத்தைத்தான் பற்றும். பட்டைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும்படியான உருவம் இல்லை. அதற்கு இருப்பதெல்லாம் நீண்ட விளிம்பு. நிறமும் நிறமும் உரசுவது விளிம்பில்தான் என்பதால், நிறத்தை மட்டுமே பேசவைக்க விரும்பிய ஓவியருக்கு அதைவிடப் பொருத்தமான கருவி கிடைத்திருக்காது. 'சான்ட் 2' என்ற 1967-ஆம் ஆண்டு ஓவியத்தில் வெள்ளைத் தளத்தின்மேல் சிவப்பும் நீலமும் மட்டுமே உள்ளன. சில பட்டைகளில் சிவப்புக்கு நீலம் கரை கட்டுகிறது. சிலவற்றில் நீலத்துக்குச் சிவப்பு. சற்று விலகி நின்றால், தூரிகை எங்குமே வைக்காத ஊதாச் சாயல் மெல்லப் படரத் தொடங்குகிறது.

இதன் அறிவியல் நெசவோடு தொடர்புடையது. பாரிஸின் கோபெலான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரெலிடம், கருப்பு நூல் அழுத்தமாக இல்லை என்ற புகார் வந்தது. குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் ஓடும் நிறத்தில்தான் இருக்கிறது என்று அவர் கண்டறிந்து, 1839-இல் அதை நூலாகவே எழுதினார். அகன்ற பரப்புகள் அருகருகே இருந்தால் அவற்றின் வேறுபாடு கூடித் தெரியும். கீற்றுகள் மெலிந்துவிட்டாலோ நிலைமை தலைகீழாகிறது: ஒரு நிறம் பக்கத்து நிறத்தின் சாயலை வாங்கிக்கொள்கிறது. பின்னதை விளக்கியவர் ஜெர்மானியரான பெட்ஸோல்ட்.

பினாங்கு ஜார்ஜ்டவுனின் லெபோ பாசார் தெருவில் துணிக்கடைக்குப் போகிறவர்கள் இதைக் கண்ணாரக் காணலாம். மெல்லிய கோடுகள் ஓடும் துணியை விரித்துப் போடச் சொல்லிப் பாருங்கள். ஒரே சிவப்பு நூல், மஞ்சள் இழைகளுக்கு நடுவே செங்கல் நிறத்துக்கு நெருங்குகிறது. நீல இழைகளுக்கு நடுவே நாவற்பழச் சாயல் கொள்கிறது. கண்ணருகே கொண்டுவந்தால் இரண்டும் ஒரே சிவப்புதான்.

1979-80 குளிர்காலத்தில் எகிப்துக்குச் சென்று கல்லறை ஓவியங்களைப் பார்த்துவந்த பிறகு, ரைலியின் பட்டைகளில் நீலப்பச்சையும் மஞ்சளும் செம்மையும் செறிவாக வந்து அமர்ந்தன. வண்ணம் தீட்டிய காகிதக் கீற்றுகளை இடம் மாற்றி மாற்றி வைத்து வரிசையை முடிவு செய்த பிறகே ஓவியத் துணியில் வேலை தொடங்கும். அந்தப் பொறுமையை எண்ணும்போதெல்லாம் எனக்கு மரியாதை பெருகுகிறது.

பினாங்கில் இருக்கும் நம்மில் பலர் இவற்றைக் கைப்பேசியில்தான் பார்க்கிறோம். ஆளுயரத்துக்கும் மேற்பட்ட ஓவியம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கும்போது அகன்ற பட்டையும் மெல்லிய கீற்றாகிவிடுவதால், மோத வேண்டிய நிறங்கள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடுகின்றன. ஆகவே முழுப் படத்தோடு நின்றுவிடாமல், ஏதேனும் ஒரு மூலையைத் திரை நிறையப் பெரிதாக்கி, நான்கைந்து பட்டைகளை மட்டும் ஒரு நிமிடமாவது பாருங்கள்.