வரப்பைத் தாண்டிய சாரல்

கார்த்திகை மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்தது. சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு. மருந்தடிக்க ஆள் கூப்பிட்டால் "வருகிறேன்" என்பார்கள், வரமாட்டார்கள். டிரோன் வைத்திருக்கும் பையனுக்கு போன் செய்தேன். வரப்பில் இறக்கி, பத்து லிட்டர் டேங்கில் மருந்தை ஊற்றினான். பத்து நிமிடத்தில் ஒரு ஏக்கர் முடிந்தது. முதுகில் தெளிப்பானைச் சுமந்து, முழங்கால் சேற்றில் நான் அரை நாள் உழன்ற வேலை அது.

மறுநாள் காலை சித்தப்பா வாசலில் நின்றார். பாபநாசம் பக்கத்து ஊர் எங்களுடையது. என் வயலுக்கு மேற்கே அவருடைய வெற்றிலைக் கொடிக்கால். முந்தைய நாள் கிழக்கிலிருந்து கொண்டல் காற்று. ஒரு இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். மருந்து வாடை.

"நெல்லை அவித்துத் தின்கிறோமப்பா. இதைப் பறித்த கையோடு வாயில் போடுகிறார்கள். ஒரு வாரம் பறிக்க முடியாது."

பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "அடுத்த முறை சொல்லிவிட்டு அடி" என்றார்.

அன்றிரவு உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். வானம் மத்திய அரசுடையது, விவசாயம் மாநிலத்துடையது. 2021 டிரோன் விதிகள் பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதியின்றிப் பறக்க விடுகின்றன. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தை ஒட்டி, வல்லம் பக்கம் பயிர் வைத்திருக்கும் என் மைத்துனருக்கு அந்தச் சலுகை இல்லை. நெற்பயிருக்கு மேலே ஆள் உயரத்தில் பறப்பதும் அங்கே வான்வழிப் போக்குவரத்துதான். போலீஸ் சூப்பிரண்டு நினைத்தால் ஒரு பகுதியை 96 மணி நேரம் வரை, அனுமதியின்றிப் பறக்கக் கூடாத சிவப்பு மண்டலமாக்கலாம். பெரிய மனிதர் வருகைக்காக அப்படி அறிவித்தால், புழு நான்கு நாள் பட்டினி கிடக்குமா?

மாநில அரசும் சும்மா இல்லை. 2022இல் டிரோனுக்கென்றே தனிக் கழகம் தொடங்கியது. அதற்கு முன்பே, 2020இல், டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. அது எண்ணெய், எரிவாயுவுக்காக மண்ணுக்குக் கீழே துளை போடுவோரைத் தடுக்கும் சட்டம். மேலே ஒன்று, கீழே ஒன்று. வரப்பு உயரத்தில் நடப்பதற்கு மத்திய வேளாண் அமைச்சகத்தின் வழிகாட்டி நெறிமுறை இருக்கிறது: காற்றைப் பார், சுற்றியிருப்போருக்கு முன்கூட்டியே சொல். ஆனால் யார் போய்ச் சொல்வது? பையனா, நானா? ஊராட்சிப் பலகையில் முந்தைய நாளே எழுதிப்போட வேண்டும் என்று மாநிலம் ஒரு வரி உத்தரவு போட்டால் போதும் என்பது என் வாதம். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்தான். பறிக்காமல் விட்ட ஒரு வார வெற்றிலையை அதில் எந்தக் கணக்கில் எழுதுவது?

கதிர் வெளிவரும் முன் பயிர் பொதி கட்டும் பருவத்தில் மறுபடி அடிக்க வேண்டி வந்தது. முந்தைய நாள் மாலையே கொடிக்காலுக்குப் போய்ச் சொன்னேன். காலையில் பார்த்தால், ஓரத்து அகத்தி வரிசை நெடுகச் சித்தியின் பழைய சேலைகள் கட்டியிருந்தன. பையன் அதைப் பார்த்துவிட்டு, மேற்கு ஓரத்தில் இரண்டு ஆள் கை விரித்து நிற்கும் அகலத்துக்கு அடிக்காமலே டிரோனை இறக்கிவிட்டான். அந்தத் துண்டை நான் முதுகுத் தெளிப்பானால் அடித்தேன்.