பல்லாவரத்துக் கருங்கல் சுவர்: மூன்றாம் முறையில் நின்ற சந்துக்கோடு

கூடத்துச் சுவரில் கல் கட்டுமானம் போலத் தோன்றும்படி நான் போட்டுவரும் பூச்சில், சந்துக்கோடு (இரண்டு கற்கள் சேரும் இடம் போலக் காட்ட ஈரப் பூச்சில் வெட்டும் கோடு) நேற்று மாலை முதன்முறையாக ஓரம் உடையாமலும் சரியாமலும் நின்றது. முதல் இரண்டு முறையும் போட்ட பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துப் பாண்டல் பாண்டலாக வெளியே கொட்டியவன் என்பதால், அந்த ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

நான் பார்த்துச் செய்வது எங்கள் பல்லாவரத்துக் கல்லைத்தான். கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893இல் எழுதிய புவியியலாளர் ஹாலண்ட், சார்னோக்கின் பெயராலேயே இந்த வகைப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொன்னாலும் இது கறுப்பு அல்ல; புதிதாக உடைத்த முகத்தில் நீலம் ஓடிய சாம்பல் நிறமும் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பும் இருக்கும். கல் பூச்சு என்றாலே பிரஷ்ஷை உதறிக் கறுப்புப் புள்ளி தெளிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. இந்தக் கல்லுக்கு அது பொருந்தவே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

பழைய பெயிண்டைச் சுரண்டுவது, சுவரைக் கொத்திவிடுவது, லேடெக்ஸ் கலந்த சிமெண்ட் பால் அடிப்பது ஆகியவை இந்த வேலையில் கை வைத்தவர்கள் அனைவரும் அறிந்தவையே. சுவர் 11 அடி அகலம், 9 அடி உயரம். கல் ஒன்றுக்கு 18 அங்குல நீளமும் 9 அங்குல உயரமும் வைத்ததில் 12 வரிகள் வந்தன. கலவை வெள்ளை சிமெண்ட் ஒரு பங்கு, பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான செயற்கை மணல்) மூன்று பங்கு. நிறத்துக்குக் கறுப்பு ஆக்சைடு பொடி, சிமெண்ட் எடையில் 2 சதவீதம். நீலம் வேண்டும் என்பதற்காகத் துணிக்குப் போடும் நீலத்தைச் சேர்க்க எண்ணுபவர்கள் தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். சிமெண்டின் காரத்தில் அந்தச் சாயம் நிற்காது. வெள்ளையில் மிகக் கொஞ்சமாகக் கலந்த கறுப்பு ஆக்சைடே நீலச் சாயலைத் தந்துவிடுகிறது.

முதல் முறை, பூச்சைச் சமப்படுத்தும் மணியாஸ் கட்டையால் தேய்த்து முடித்த கையோடு கோடு இழுத்தேன். கலவை கருவியோடு சேர்ந்து வந்து, கோட்டின் மேல் உதடு கீழ்நோக்கித் தொங்கிவிட்டது. இரண்டாம் முறை, மறுநாள் காலை வரை விட்டுவைத்துக் கட்டிங் மெஷினால் அறுத்தேன். கோடுகள் நூல் பிடித்தாற்போல் வந்தன; ஆனால் அந்த நேர்த்தியே குறையாகிவிட்டது. உளியால் கொத்திய கல்லின் விளிம்பில் அங்கங்கே சிறு சிதைவு இருக்கும். என் சுவரோ டைல்ஸ் ஒட்டியதுபோல் இருந்தது.

ஆகவே ஈரமும் இறுக்கமும் சரிபாதியாக இருக்கும் வேளையில்தான் வெட்ட வேண்டும் என்று புரிந்தது. அந்த வேளையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. வெட்டும்போது விழுவது புட்டு மாவு போல உதிர வேண்டும். களிம்பாகச் சுருண்டால் இன்னும் நேரமாகவில்லை, தூசியாகப் பறந்தால் நேரம் கடந்துவிட்டது. கருவியாக, பழைய ஹாக்சா பிளேடை நான்கு அங்குலத்துக்கு உடைத்து, முனையைச் சாணை பிடித்து 5 மி.மீ. அகலமாக்கி, துணி சுற்றி வைத்துக்கொண்டேன். பெரிய மணல் பரல் ஒன்று பிளேடில் சிக்கினாலே ஓரம் அரை அங்குலத்துக்குப் பெயர்ந்து வந்துவிடும் என்பதால், மணலை 1.18 மி.மீ. சல்லடையில் சலித்தேன். சலித்த மணல் என்று சொல்லி விற்கப்பட்ட மூட்டையிலேயே மிளகு அளவு பரல்கள் கிடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சுவரின் வலப்புறத்தில் ஓரிடத்தில் மட்டும் கோடு தொடர்ந்து சரிந்தது. அதே கலவை, அதே கை, அதே நேரம். இருந்தும் ஒன்பது அங்குல அகலத்துக்கு மட்டும் பூச்சு சேறாகவே இருந்தது. பக்கத்து வீட்டில் வேலை பார்த்த கொத்தனார் வந்து விரல் முட்டியால் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள தூண் இருக்கு சார், அது தண்ணி குடிக்காது" என்றார். செங்கல் பூச்சின் நீரை இழுத்துக்கொள்கிறது. கான்கிரீட் அவ்வளவாக இழுப்பதில்லை. ஒரே கோடு செங்கல்லைத் தாண்டித் தூண்மேல் ஏறும்போது இரண்டு வெவ்வேறு நிலையில் உள்ள பூச்சை வெட்டுகிறது. என் சுவரில், ஃபேனை நிறுத்திய நிலையில், செங்கல் பகுதி ஏறக்குறைய 70 நிமிடத்தில் வெட்டுக்கு வந்தது. தூண் பகுதிக்கு மேலும் 50 நிமிடம் தேவைப்பட்டது. இப்போது தூணின் இரு ஓரத்தையும் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, அந்தப் பட்டையை மட்டும் முன்னதாகப் பூசிவிடுகிறேன். நேற்று நின்றது அந்த இடத்தைக் கடந்து சென்ற கோடுதான்.

மாடிப்படிச் சுவரையும் இதேபோல் செய்யும் எண்ணம் இருக்கிறது. அங்கே சிமெண்டை விட்டுவிட்டு, கடுக்காய் ஊறவைத்த நீரில் குழைத்த சுண்ணாம்பில் முயல்வேன். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகுகிறது என்பதால் அது மெதுவாகவே கெட்டிப்படும்; வெட்டுவதற்கு நிதானமாக நேரம் கிடைக்கும். நாள்பட்ட நல்ல நீற்றுச் சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்று இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டேன்.

மேலிருந்து இறங்கி வந்ததில் ஒன்பது வரிகள் முடிந்துவிட்டன. நுரைப்பஞ்சால் நிறம் ஒற்றும் வேலை மேல் நான்கு வரிகளில் மட்டும் நடந்திருக்கிறது. பூச்சு 28 நாள் காயும் வரை அதன்மேல் சீலர் எதுவும் அடிக்கப்போவதில்லை. மீதமுள்ள கீழ் மூன்று வரிகளில் அடிவரி ஓதம் ஏறிய பகுதி. ஏற்கெனவே நீரோடு இருக்கும் செங்கல்லும் தூணைப் போலவே பூச்சின் நீரைக் குடிக்காது என்பதால், ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓர் அடிக்கு மட்டும் பூசி, எத்தனை நிமிடத்தில் புட்டு மாவாக உதிர்கிறது என்று முதலில் பார்க்கப்போகிறேன்.