ஊரடங்கில் கரைந்துபோன நடை

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. மூடிய ஜிம்கள் மறுபடி திறந்தது ஆகஸ்ட் 10-ல்தான். "ஜிம் மூடினதுலதான் வெயிட் போட்டுடுச்சு" என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஆனால் நம் ஊரில் ஜிம்முக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? ஊரடங்கு பறித்தது, யாருமே உடற்பயிற்சி என்று எண்ணாத அசைவுகளை. பஸ் ஸ்டாப் வரை நடப்பது, ஸ்டேஷன் படி ஏறுவது, டீ குடிக்கக் கீழே இறங்குவது, மாலையில் காய்கறி வாங்கப் போவது என எல்லாம் சேர்ந்தால் நாளைக்கு 4, 5 கிலோமீட்டர் வந்துவிடும். 65 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறக்குறைய 200 கலோரி.

இன்னொரு பக்கம், சாப்பாட்டு நேரம் குலைந்தது. காலை இட்லி பத்தரைக்கு, மதியச் சாப்பாடு மூன்றரைக்கு, இரவு தோசை பத்து மணிக்கு. நடுவில் முறுக்கு, பஜ்ஜி, நுரை பொங்க அடித்த டால்கோனா காபி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி என்பதை நினைவில் வைத்தால் வடைச்சட்டியின் கணக்கு தானே புரியும். எண்ணெயைக் கட்டுப்படுத்த எளிய வழி, புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவைப்பது. ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நால்வர் உள்ள வீட்டில் ஒரு லிட்டர் புட்டி 15 நாள் வர வேண்டும். பத்தே நாளில் காலியானால், தாளிப்பைக் குறைப்பதைவிட, பொரிப்பதை வாரம் ஒரு நாளாக்குவதே பலன் தரும்.

நேரம் தவறியதில் உண்மையான ஆபத்து சர்க்கரை நோயாளிகளுக்குத்தான். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை வழக்கப்படி எட்டு மணிக்குப் போட்டுவிட்டுப் பத்தரை வரை சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தெரிந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தால் இன்னொரு முறை. பிறகு சாப்பாடு.

மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டதும் காய்கறி விலை ஏறியது. பல வீடுகளில் தட்டு முழுக்கச் சோறும் உருளைக்கிழங்குமாக ஆனது. அந்த இடத்தை நிரப்பச் சுண்டலைவிடச் சிறந்தது வேறில்லை. 50 கிராம் கொண்டைக்கடலையில் 10 கிராம் புரதம் இருக்கிறது; எட்டு மணி நேரம் ஊறவைத்து வேகவைத்தால் இரட்டிப்புக்கும் மேல் ஆகி மாலைப் பசியை அடக்கிவிடும். பச்சைப்பயறு முளைகட்டுபவர்கள் கோடையில் துணியோடு நாளைக்கு இரண்டு முறையாவது அலச வேண்டும். இல்லாவிட்டால் பிசுபிசுத்துப் புளித்த வாடை வந்துவிடும். அதைச் சாப்பிடக் கூடாது.

இனி நடை. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பும், இரண்டு நாள் தசைப்பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மொட்டை மாடி 30-க்கு 40 அடி என்றால் ஓரமாக ஒரு சுற்று 140 அடி. 24 சுற்று நடந்தால் ஒரு கிலோமீட்டர். ஹால் மட்டும்தான் உண்டு என்பவர்களுக்கு, 8 என்ற எண்ணின் வடிவில் நடக்கும் 'எட்டு நடை'. ஆறடி விட்டத்தில் இரண்டு வட்டங்களை ஒட்டினாற்போல் சாக்பீஸால் வரைய வேண்டும். ஒரு முழு எட்டு சுமார் 11.5 மீட்டர், 87 எட்டு போட்டால் ஒரு கிலோமீட்டர். வெறும் வட்டமாகச் சுற்றினால் உடல் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கும். எட்டில் இடமும் வலமும் சமமாகத் திரும்புகிறோம். அதன் சிறப்பு அவ்வளவுதான். வடக்கு தெற்காக நடந்தால் சர்க்கரை குணமாகும் என்பதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

தவறுவது இரண்டு இடத்தில். இடமில்லை என்று வட்டத்தை நான்கடியாகச் சுருக்கினால் ஒவ்வொரு திருப்பத்திலும் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். வெறுங்காலோடு சிமென்ட் தரையில் தினமும் நடந்தால் சில வாரங்களில் காலை எழுந்ததும் குதிகால் குத்தும். மெத்தென்ற செருப்பு போடுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அதுதான் சரியான வேகம். அக்னி நட்சத்திர நாட்களில் மாடியில் காலை ஏழு மணிக்கு முன்பு நடந்து முடிப்பது நல்லது.

தசைக்கு, சுவரை ஒட்டிப் போட்ட மர நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, மூன்று எண்ணும் வரை மெதுவாக உட்கார்ந்து, எழ வேண்டும். பத்து முறை, ஒரு நிமிட ஓய்வு, மொத்தம் மூன்று சுற்று. தொப்பென்று உட்கார்ந்தால் தொடைக்கு வேலையே இல்லை. எழும்போது மூச்சை விட வேண்டும். அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். 20 லிட்டர் தண்ணீர் கேனை டம்பெல்லாக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. அதற்குப் பதில் இரண்டு கட்டைப்பைகளில் 5 கிலோ அரிசி வீதம் போட்டு, தோளை நிமிர்த்தி 20 அடி நடங்கள். தோளுக்கும் கைப்பிடிக்கும் இதைவிட எளிய பயிற்சி கிடைக்காது.

காய்ச்சல் இருக்கும்போது இவை எதுவும் கூடாது. கொரோனா வந்து போனவர்கள் வீட்டுக்குள் ஐந்து நிமிட நடையில் தொடங்கி, மறுநாள் அசதி கூடவில்லை என்றால் மட்டும் இரண்டிரண்டு நிமிடம் கூட்டலாம். அசதி கூடினால் பாதியாகக் குறைக்க வேண்டும். நெஞ்சு இறுக்கமோ, படுத்திருக்கும்போதும் படபடப்போ வந்தால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.