ஆப் பேசுதா, புள்ள பேசுதா

ராசிபுரத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே நாலு சிஸ்டம் போட்டு பிரவுசிங்கும். ஜூன் மாசம் ஸ்கூல் திறந்தா ஆதார், சாதி சான்றிதழ், டிசின்னு கூட்டம் நிக்கும், அந்த கூட்டத்துல கண்டிப்பா யாராவது ஒரு அம்மா கேட்டுருவாங்க, "ஏங்கண்ணா, நீங்க கம்ப்யூட்டர்லயே இருக்கீங்களே, புள்ளைக்கு வீட்ல படிக்க எந்த ஆப்புங்க நல்லாருக்கும்?"னு. அவசரத்துல ரெண்டு பேரை சொல்லி அனுப்பிடறேன். அது சரியா படல எனக்கு, அதான் இன்னைக்கு நைட்டு கடைய சாத்திட்டு உக்காந்து எழுதறேன்.

போன வருஷம் ஜவ்வரிசி செய்யற சேகோ ஃபேக்டரிக்கு வேலைக்கு போற ஒரு அக்கா வந்தாங்க, லோனை நிறுத்த சொல்லி ஒரு லெட்டர் டைப் பண்ணனும்னு. என்னன்னு கேட்டா, ஒரு ஆன்லைன் கோர்ஸ் கம்பெனிக்காரங்க வீட்டுக்கே வந்து பையனை பத்து கேள்வி கேட்டுருக்காங்க, கேட்டுட்டு உங்க பையன் மேத்ஸ்ல ரொம்ப வீக், இப்பவே பிடிக்கலைன்னா பத்தாவதுல கஷ்டம்னு சொல்லி ஒரு டேப்லெட்டும் (டேப்னு சொல்லுவோம்) மூணு வருஷ கோர்ஸும் தலைல கட்டிட்டு போயிட்டாங்க, மாசாமாசம் அக்கவுண்ட்ல இருந்து இஎம்ஐ போகுது. மூணு தடவை லெட்டர் டைப் பண்ணி குடுத்தேன், காசு வாங்கல. அப்ப அவங்க சொன்னது தான் இன்னும் காதுல நிக்குது. "அதுல வர்ற சார் நல்லாத்தாங்கண்ணா நடத்தறாரு, இவன் தான் பாத்துட்டே இருக்கான், என்னடா சொன்னாருன்னு கேட்டா ஒண்ணும் தெரியல."

அதுக்கப்புறம் எந்த ஆப்பை பாத்தாலும் நான் ஒண்ணே ஒண்ணு தான் பாக்கறேன். பத்து நிமிஷத்துல அந்த ஆப் எவ்வளவு நேரம் பேசுது, புள்ள எவ்வளவு நேரம் பேசுது, கை வச்சு ஏதாவது செய்யுதா. ஆப்பே பேசிட்டு இருந்துச்சுன்னா அது டிவி தான், என்ன விலை குடுத்து வாங்குனாலும்.

என் பொண்ணு அஞ்சாவது. கால் பெருசா, எட்டுல ஒண்ணு பெருசான்னு கேட்டா எட்டுல ஒண்ணுன்னு சொல்லுவா, ஏன்னா நாலை விட எட்டு பெருசு. நானும் பேப்பர்ல வட்டம் போட்டு கோடு கிழிச்சு சொல்லி பாத்தேன், தலைய தலைய ஆட்டுவா, அடுத்த நாள் அதே தப்பு. அப்புறம் கடைல மூணாவது சிஸ்டத்துல ஃபெட்டுங்கற (PhET) சைட்டை போட்டு விட்டேன், கணக்கு, சயின்ஸை புள்ளைங்க ஸ்கிரீன்ல கை வச்சு செஞ்சு பாக்கற சைட். அமெரிக்காவுல கொலராடோ யுனிவர்சிட்டில 2002ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்ச கார்ல் வீமன் அதுக்கு முந்தின வருஷம் தான் பிசிக்ஸ்ல நோபல் வாங்கினவரு, அவ்வளவு பெரிய ஆளு சின்ன புள்ளைங்க வரைக்கும் தொட்டு பாக்கற மாதிரி ஒண்ணை ஆரம்பிச்சுருக்காரு பாருங்க. முழுக்க இலவசம், நிறைய பாடம் தமிழ்லயும் இருக்கு. பின்னம் பாடத்துல ஒரு வட்டம், கீழ ரெண்டு நம்பர், பக்கத்துல அம்புக்குறி. அவ்வளவு தான். யாரும் வந்து வணக்கம் குழந்தைகளேன்னு சொல்ல மாட்டாங்க.

அவ கீழ இருக்கற நம்பரை, அதான் பகுதின்னு புக்ல போட்டுருக்கும், ஏத்திக்கிட்டே போனா. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. துண்டு மெலிசாயிட்டே போகுது. எட்டு வந்ததும் கைய எடுத்துட்டா, திரும்ப நாலுக்கு இறக்குனா, திரும்ப எட்டுக்கு ஏத்துனா. நான் ஒரு பாஸ்போர்ட் போட்டோ கட் பண்ணிட்டு இருக்கேன், "அப்பா, நம்பர் பெருசானா துண்டு சின்னதாவுதுப்பா"ங்கறா. நான் பத்து நாளா சொன்னதை அவ எனக்கு சொல்றா!

வீட்டுக்கு போயி எங்கம்மாகிட்டயும் சொல்லிருக்கா. அம்மா அரிசி களைஞ்சுட்டே, "அதென்ன எட்டுல ஒண்ணு, அரைக்கால்னு சொல்லு கண்ணு"ன்னாங்க. கால்ல அரை, அரைக்கால். எட்டுல ஒண்ணு எப்படி காலை விட பெருசா இருக்கும், பேர்லயே பாதின்னு இருக்கே! அதுலயும் பாதி வீசம், பதினாறுல ஒண்ணு. எங்கம்மா மூணாவது வரைக்கும் தான் படிச்சவங்க. பொண்ணு அன்னைக்கு ராத்திரி பூரா "அப்பாயி, வீசத்துல பாதி என்ன, அதுல பாதி என்ன"ன்னு விடல. அந்த சிஸ்டத்துல அம்புக்குறிய தட்டாம இருந்திருந்தா இந்த பேச்சே வீட்ல வந்திருக்காது, அதனால தான் சொல்றேன், நல்ல டூல் ஸ்கிரீன்ல முடியாது, வீட்டுக்குள்ள வந்துரும்.

பையன் ரெண்டாவது. தமிழ் எழுத்து தெரியும், ஆனா என் முன்னாடி படிக்க சொன்னா குரல் உள்ள போயிரும், நான் திருத்திருவேன்னு பயம். அவனுக்கு கூகுளோட ரீட் அலாங் போட்டு குடுத்தேன். 2019ல போலோங்கற பேர்ல இந்தி, இங்கிலீஷுக்கு வந்தது, அப்புறம் பேர் மாறி தமிழும் வந்துச்சு. கதை திரைல வரும், புள்ள சத்தமா படிக்கணும், தியான்னு ஒரு பொம்மை கேட்டுட்டே இருக்கும், திக்குனா அந்த வார்த்தைய தட்டுனா சொல்லி குடுக்கும். கதைய டவுன்லோட் பண்ணிட்டா நெட் இல்லாமலும் ஓடும். அவன் அதுகிட்ட கத்தி கத்தி படிக்கறான்! கதவுக்கு இந்த பக்கம் நின்னு நானும் அவங்கம்மாவும் கேட்டுட்டு இருந்தோம், ஒரு வார்த்தைய நாலு தடவை சொல்லி பாக்கறான், யாரும் "டேய் அது ழ"ன்னு குறுக்க விழல. அதுல எனக்கும் ஒரு பாடம் இருந்துச்சு, இப்பல்லாம் அவன் படிக்கும்போது வாய மூடிட்டு இருக்கேன்.

ஜெராக்ஸ் கடைக்காரனா இன்னொண்ணு சொல்லியே ஆகணும். ஸ்டோரிவீவர்னு ஒரு சைட், பெங்களூர் பிரதம் புக்ஸ்காரங்க 2015ல ஆரம்பிச்சது, தமிழ்ல படக்கதை நிறைய இருக்கு, படிக்கற லெவல் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் பிரிச்சு வச்சுருக்காங்க. கைடை முழுசா ஜெராக்ஸ் போட சொல்லி வர்றவங்கள நான் திருப்பி அனுப்புவேன், அது அடுத்தவங்க உழைப்பு. ஆனா இது அவங்களே பொது உரிமத்துல குடுத்தது, எழுதினவங்க பேரோட யாரு வேணா பிரிண்ட் போடலாம். பேக் டு பேக் போட்டு மடிச்சு சென்டர்ல பின் அடிச்சா சின்ன புக்கு, பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டா புள்ளைங்களே கலர் அடிச்சுக்கும். எங்க தெருவுல அப்படி ஒரு முப்பது புக்கு சுத்திட்டு இருக்கு, மொபைல் குடுக்க பயப்படற வீட்டுக்கு இது தான் நான் சொல்றது. அதே சைட்ல இருக்கற படங்களை எடுத்து புள்ளைங்களே கதை எழுதலாம், என் பொண்ணு ஒரு எருமைய வச்சு எழுதிட்டு இருக்கா, இன்னும் முடியல.

வீடியோவே வேண்டாம்னு நான் சொல்லல. 2018ல இருந்து நம்ம கவர்மெண்ட் புக்லயே க்யூஆர் கோடு இருக்கு, தீக்ஷாங்கற கவர்மெண்ட் ஆப்ல ஸ்கேன் பண்ணா அந்த பாடத்துக்கே வீடியோ வருது, பாதி பேரு அந்த கட்டம் எதுக்குன்னே தெரியாம வருஷத்தை ஓட்டிடறாங்க. லாக்டவுன்ல கல்வி டிவி இல்லன்னா எத்தனையோ புள்ளைங்க பாடத்தையே மறந்திருக்கும். இங்கிலீஷ் புரியற புள்ளைக்கு கான் அகாடமின்னு ஒரு பாட வீடியோ சைட் இருக்கு. அது வந்த கதையும் இது தான், அதை ஆரம்பிச்ச சல்மான் கான் (நடிகர் இல்லைங்க, இவரு வேற) 2004ல வேற ஊர்ல இருக்கற சொந்தக்கார பொண்ணுக்கு போன்ல கணக்கு சொல்லி குடுத்தாரு, ஒரு ஆளு ஒரு புள்ளைக்கு, வீடியோ எல்லாம் அதுக்கப்புறம் தான் வந்துச்சு. எங்க வீட்ல வீடியோவுக்கு ஒரே ஒரு பழக்கம் வச்சுருக்கோம், பாதில நிறுத்தணும். நிறுத்திட்டு அடுத்து அவங்க என்ன பண்ணுவாங்கன்னு புள்ள நோட்டுல போட்டு பாக்கணும், அப்புறம் தான் ப்ளே. அந்த சேகோ ஃபேக்டரி அக்காவுக்கும் இதை தான் சொன்னேன், டேப் எப்படியும் வீட்ல கிடக்குது, லோன் முடியற வரைக்குமாவது நிறுத்தி நிறுத்தி பாக்க சொல்லுங்கன்னு.

அவங்க பையன் இப்ப சாயந்திரம் கடைக்கு வர்றான், ஏழாவது. மூணாவது சிஸ்டம் அவனுக்கு, ஆறுல இருந்து ஏழு, காசு இல்ல. நெட் அடிக்கடி போயிரும், அதனால ஃபெட்ல இருந்து கரண்ட் சர்க்யூட் பாடத்தை டவுன்லோட் பண்ணி டெஸ்க்டாப்லயே வச்சுருக்கேன். பேட்டரி, ஒயர், பல்பு, சுவிட்ச் எல்லாம் இழுத்து விட்டு கோக்கலாம். நேத்து நான் ஒருத்தருக்கு ரேஷன் கார்டு அப்ளிகேஷன் ஏத்திட்டு இருக்கேன், "அண்ணா அண்ணா, தீப்புடிச்சிருச்சு!"ன்னு கத்தறான். அப்ளிகேஷன்காரரு பயந்து எந்திரிச்சுட்டாரு. போயி பாத்தா ஸ்கிரீன்ல பேட்டரி எரியுது, பல்பே இல்லாம ஒயரை பேட்டரியோட ரெண்டு முனைக்கும் நேரா கோத்து விட்டுருக்கான்.

"ஏன்டா எரியுது?"ன்னேன்.

"தெரியலண்ணா, இருங்க"ன்னுட்டு ஒயரை பிரிச்சான், தீ அணைஞ்சுது. நடுவுல ஒரு பல்பை வச்சான், பல்பு எரிஞ்சுது. திரும்ப பல்பை எடுத்தான். ஏழு மணி ஆயிருச்சு, நான் எந்திரிக்க சொல்லல.