போர்ச்சில் சாயம் அடிக்கலாம், கிளியர் அடிக்கும் முன் இதைப் படியுங்கள்

தீபாவளி நெருங்கினால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் முறுக்கு வாசனைக்கு முன்னால் தின்னர் வாடைதான் கிளம்பும். தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் (புதுக் குடியிருப்பு) வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்களில் எப்படியும் ஒரு பையனாவது மோட்டார் சைக்கிளின் கவர்செட்டை, அதாவது வெளிப்பக்கப் பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றி வீட்டு முன்பக்கப் போர்ச்சில் பரப்பி, பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருப்பான். எனக்கு இது மிகவும் பிடிக்கும். பழைய ஹோண்டா இ.எக்ஸ்.5 மோட்டார் ஒன்றைப் பையன் தன் கையாலேயே தேய்த்து, அடித்து, பளபளவென்று ஆக்கி ஓட்டிக்கொண்டு போகும்போது அவன் முகத்தில் தெரிகிற சந்தோஷம் கடையில் காசு கொடுத்தால் வராது. அதனால் வீட்டில் அடிக்காதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. கலருக்கு மேல் பளபளப்புக்காக அடிக்கிற நிறமில்லாத பூச்சான கிளியர் என்கிற ஒரு விஷயத்தில் மட்டும் பலரும் தெரியாமல் நெஞ்சைக் கெடுத்துக்கொள்கிறார்கள், அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடையில் போய்க் கிளியர் என்று கேட்டால் இரண்டு வகை இருக்கும். ஒன்று சாதாரண ஸ்பிரே டின். அதில் உள்ள கரைப்பான் ஆவியாகிப் போனால் காய்ந்துவிடும், வேறு எந்த வேலையும் அதற்குள் நடப்பதில்லை. பெட்ரோல் சிந்தினால் பிசுபிசுக்கும், வெயிலில் சீக்கிரம் மங்கும். இன்னொன்று டூ-கே. அதில் இறுக வைக்கிற ஹார்டனர் தனியாக இருக்கும், இரண்டும் கலந்த பிறகு உள்ளே வேதிவினை நடந்து கண்ணாடி மாதிரி இறுகிவிடும். பட்டறைக்காரர்கள் ஸ்பிரே துப்பாக்கியில் அடிப்பது இதைத்தான். இப்போது டின்னிலேயே இது வருகிறது, அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஹார்டனர் குப்பி உடைந்து கலந்துவிடும். பளபளப்பிலும் உழைப்பிலும் டூ-கே பக்கத்தில் மற்றது நிற்க முடியாது, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்கிற வேதிப்பொருள். போபாலில் 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்த மீத்தைல் ஐசோசயனேட் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சாய ஹார்டனரில் இருப்பது அதே பொருள் இல்லை, அதைப்போலச் சட்டென்று ஆவியாகிப் பரவுவதும் இல்லை, எனவே அந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஸ்பிரே செய்யும்போது அதை நாமே பொடித்துளியாக்கி, மூச்சோடு உள்ளே போகிற அளவுக்குச் சிறிதாக்கிக் காற்றில் விடுகிறோம். எச்.டி.ஐ. என்கிற ஹார்டனர் வகைக்கு தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம், வேலை செய்யும் நேரம் முழுவதற்குமான சராசரியாகச் சொல்லும் எல்லை, காற்றில் நூறு கோடியில் 5 பங்கு. இவ்வளவு குறைந்த அளவை மூக்கு கண்டுபிடிக்காது. வாடை வரவில்லை, அதனால் பிரச்சினை இல்லை என்று நினைக்கவே கூடாது. போர்ச்சில் நமக்கு அடிக்கிற வாடை தின்னருடையது, ஹார்டனருடையது இல்லை.

தின்னர் தலையைச் சுற்ற வைக்கும், வெளியே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஐசோசயனேட் அப்படி இல்லை. சிலருக்கு உடம்பு அதை எதிரியாக நினைக்கப் பழகிவிடும். முதல் முறையே ஆகலாம், பல வருடம் அடித்த பிறகும் ஆகலாம், யாருக்கு எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அப்படி ஆகிவிட்டால் அதன் பிறகு துளி அளவு பட்டாலும் ஆஸ்துமா மாதிரி நெஞ்சை இறுக்கும். எங்கள் ஊரில் அருமையாகச் சாயம் அடிக்கிற அண்ணன் ஒருவர் இருந்தார், இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தெல்லாம் அவரைத் தேடி வருவார்கள். எந்நேரமும் துணியைத்தான் முகத்தில் கட்டிக்கொண்டு அடிப்பார். இன்று அவரால் ஒரு பட்டறை வாசலில்கூட நிற்க முடிவதில்லை, ஆஸ்துமாவுக்கு மருந்து இழுக்கும் பம்ப்பை எடுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறார். அவருக்கு முதலில் வந்தது ராத்திரி இருமல்தான். பகலில் அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு ஆரம்பிக்கும், லீவு நாளில் நன்றாக இருக்கும். சளி என்று நினைத்து இருமல் மருந்து குடித்துக்கொண்டே இருந்தார். உங்களுக்கு இந்த மாதிரி இருந்தால் கிளினிக்கில் டாக்டரிடம், நான் டூ-கே அடிக்கிறேன், ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது என்று நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

முகமூடி விஷயத்துக்கு வருகிறேன். கோவிட் காலத்தில் வாங்கி மிச்சமிருக்கிற மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு அடிக்கிறவர்கள் நிறையப் பேர். அது ஆவிக்கு எதுவுமே செய்யாது. என்-95 தேய்க்கும் தூசிக்கு நல்லது, ஆனால் கரைப்பான் ஆவி அதற்குள் தாராளமாகப் புகுந்து போகும். சாதாரண ஸ்பிரேக்குக் குறைந்தது இரண்டு பக்கமும் கரி வடிகட்டி உள்ள ரப்பர் முகமூடி வேண்டும், அதில் கரிக்கு முன்னால் துகள் வடிகட்டியும் இருக்க வேண்டும். கரி, உறையைப் பிரித்த நாளில் இருந்தே காற்றில் உள்ளதை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அடித்து முடித்ததும் ஸிப் பையில் போட்டு மூடி வையுங்கள், ஆணியில் தொங்கவிடாதீர்கள். தின்னர் வாடை உள்ளே வர ஆரம்பித்தால் வடிகட்டி தீர்ந்தது என்று அர்த்தம். டூ-கே விஷயத்தில் இந்த எச்சரிக்கையும் கிடைக்காது, ஏனென்றால் ஐசோசயனேட் வாடையே தெரியாமல் உள்ளே வந்துவிடும். அதனால்தான் முறையான பட்டறைகளில் வெளியில் இருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முகமூடி போட்டுக்கொண்டு அடிக்கிறார்கள்.

இன்னொன்று, தாடி. ரப்பர் முகமூடி தோலோடு ஒட்டினால்தான் வேலை செய்யும். மூன்று நாள் வளர்ந்த தாடி இருந்தாலே ஓரத்தில் இடைவெளி விழுந்துவிடும். மாலை போட்டு சபரிமலைக்கோ தைப்பூசத்துக்கோ விரதத்தில் இருக்கிற தம்பிகள் அந்த வேலையை விரதம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து இதுதான்: கழற்றுவது, கழுவுவது, தேய்ப்பது, பிரைமர் என்கிற அடிப்பூச்சு, கலர் எல்லாம் வீட்டில் செய்யுங்கள், டூ-கே கிளியரை மட்டும் சாய அறை உள்ள பட்டறையில் கொடுத்து அடித்து வாங்குங்கள். அவர்கள் ஒரு காருக்கு அடிக்கும்போது உங்கள் கவர்செட்டையும் பக்கத்தில் தொங்கவிட்டு அடித்துவிடுவார்கள், கேட்கிற காசும் குறைவாகவே இருக்கும். ஆனால் நீங்கள் எந்த டின்னில் கலர் அடித்தீர்கள் என்பதை முன்னமே சொல்லிவிடுங்கள், முடிந்தால் காலி டின்னையே கொண்டுபோய்க் காட்டுங்கள். சில மலிவான ஸ்பிரேக்கு மேல் டூ-கே பட்டால் கலர் சுருங்கித் தோல் மாதிரி எழும்பிவிடும். வேலையிடங்களில் அபாயகரமான ரசாயனங்களைக் கையாளுவதற்கு மலேசியாவில் 2000ஆம் ஆண்டிலேயே விதிமுறைகள் வந்துவிட்டன, முதலாளி ஆபத்தை மதிப்பிட வேண்டும், தொழிலாளியைப் பாதுகாக்க வேண்டும். நம் போர்ச்சுக்கு வந்து சோதிக்க யாரும் இல்லை, எல்லாம் நம் பொறுப்பு.

இல்லை அண்ணே, நானேதான் முழுவதும் அடிப்பேன் என்பவர்களுக்கு: அப்படியானால் சாதாரண கிளியரை அடியுங்கள். பளபளப்பு கொஞ்சம் குறையும், இரண்டு வருடத்தில் மறுபடி அடிக்க வேண்டி வரலாம், பரவாயில்லை.

எந்த ஸ்பிரேயாக இருந்தாலும் இடத்தைத் தயார் செய்ய வேண்டும். நம் போர்ச்சு மூன்று பக்கமும் திறந்திருப்பது பெரிய வசதி. தார்ப்பாய் கட்டி நான்கு பக்கமும் மூடினால் தூசி வராதுதான், ஆனால் ஆவியும் போகாது, ஒரு பக்கம் முழுவதும் திறந்தே இருக்கட்டும். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். மின்விசிறி வைப்பதானால் உங்களுக்குப் பின்னால் தூரத்தில், சுத்தமான காற்று வரும் பக்கத்தில் வையுங்கள். ஆவியை இழுத்து வெளியே தள்ளும்படி வைத்தால் அந்த ஆவி விசிறி மோட்டாரின் தீப்பொறி வழியாகப் போகும். கரைப்பான் ஆவியும் டின்னில் இருக்கிற வாயுவும் காற்றைவிடக் கனமானவை, தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளமான இடத்தில் தங்கும். வாசலில் ஏற்றிவைத்த விளக்கு, சாமி மேடைச் சாம்பிராணி, கொசுவர்த்தி, பின்கட்டில் எரிகிற கேஸ் அடுப்பு, ஒன்று விடாமல் அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா விளக்கேற்றும் நேரத்தில் ஸ்பிரே டின்னைத் தொடவே வேண்டாம். குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ள பெரியவர்களையும் பின்பக்க அறைக்கு அனுப்பிவிட்டு, போர்ச்சைப் பார்த்த ஜன்னலைச் சாத்துங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கொடியில் துணியோ முற்றத்தில் வடகமோ காயும். அவர்கள் காரையும் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள், சாயத் தூசி நினைப்பதைவிட ரொம்ப தூரம் போகும்.

அடித்து முடித்த உடனே முகமூடியைக் கழற்றி வேலையைக் குனிந்து பார்ப்பதுதான் எல்லோருக்கும் ஆசை. கண்ணுக்குத் தெரிகிற புகை போன பிறகும் தெரியாத துளிகள் அங்கேயே மிதந்துகொண்டிருக்கும். முகமூடியோடே வெளியே நடந்து போய், தள்ளி நின்று கழற்றுங்கள். நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி வேண்டும், கைலியும் பனியனும் போதாது. ஹார்டனர் தோலில் பட்டாலும் உடம்பு அதற்கு எதிராகப் பழகிவிடலாம் என்பதால் பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தின்னர் ஊற்றிக் கை கழுவும் பழக்கம் நம்மவர்களிடம் அதிகம், அது தோலில் உள்ள எண்ணெயை எல்லாம் எடுத்துவிட்டு மற்றது உள்ளே போக வழி செய்துவிடும்.

நம் ஊர் வானிலையில் நேரம் முக்கியம். காலை பத்து மணிக்கு மேல், பனி ஈரம் போனபிறகு ஆரம்பித்து மதியத்துக்குள் முடித்துவிடுவதுதான் நல்லது. பிற்பகலில் மழை கட்டினால் காற்றில் ஈரம் ஏறிவிடும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிரச் செய்யும், அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து கிளியர் பால் மாதிரி வெளுத்துப் போகும். நேர்வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கும் இரும்பிலும் அடிக்காதீர்கள், மேல்பக்கம் முதலில் காய்ந்து அடியில் மாட்டிய கரைப்பான் குமிழாக வெடிக்கும். சாயங்காலம் விளக்கைப் போட்டு அடித்தால் செம்பனைக் காட்டில் இருக்கிற பூச்சியெல்லாம் ஈரச் சாயத்தில்தான் வந்து உட்காரும். தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் தூசி எழாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கவரின் உள்பக்கம் பாருங்கள், பி.பி. என்றோ ஏ.பி.எஸ். என்றோ பிளாஸ்டிக் வகையை அச்சிட்டிருக்கும். பி.பி. என்றால் பிளாஸ்டிக் பிரைமர் அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கலர் தோல் தோலாக உரியும். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பில் நன்றாகக் கழுவுங்கள், டயர் பளபளப்புக்குப் போடும் சிலிக்கான் துளி ஒட்டியிருந்தாலும் கலர் அந்த இடத்தில் குழி விழும். 400 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 800 வரை, தண்ணீரோடு தேய்த்தால் தூசி பறக்காது. பழைய சாயத்தில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் அந்தத் தூசியும் நெஞ்சுக்குள் போகக் கூடாது. டின்னை உள்ளே குண்டு சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள், ஒரு சாண் தூரத்தில் இருந்து, மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடியுங்கள். அவசரத்தில் கனமாக அடித்தால் வழிந்து கோடு விழும், மறுபடி தேய்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மிச்சமான தின்னரை லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள். அது ஆற்றுக்குப் போகும், வழியில் யாராவது எரிகிற தீக்குச்சியைப் போட்டாலும் பற்றிக்கொள்ளும். பழைய நியூஸ்பேப்பரில் ஊறவைத்து, வீட்டுக்கு வெளியே நெருப்பில்லாத இடத்தில் விரித்துக் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள், கசக்கி உருட்டிப் போடாதீர்கள். திறந்த ஹார்டனர் டின்னை நம் ஈரக் காற்றில் வைத்தால் கெட்டுவிடும். தண்ணீர் கலந்துவிட்டால் உள்ளே வாயு உண்டாகும், இறுக்க மூடிய டின் வீங்கி வெடிக்கலாம்.

சாயமே படக்கூடாத சாமான்களும் உண்டு. பிரேக் டிஸ்க்கும் பேடும் தெரிந்ததுதான், மறைத்துவிட்டு அடியுங்கள். ஆனால் ஹெல்மெட்டுக்கு ஸ்பிரே அடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல ஹெல்மெட்களின் ஓடு பாலிகார்பனேட் அல்லது ஏ.பி.எஸ்., கரைப்பான் பட்டால் அது உள்ளுக்குள்ளேயே பலம் இழக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. பெட்ரோல் டேங்க் என்றால் எண்ணெய் காலியாகிவிட்டது என்று நம்பித் தேய்க்கும் மெஷினைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், உள்ளே தங்கிய ஆவிதான் ஆபத்து, அதைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கவர்செட்டை மாட்டுவதற்கு முன் முழுதாக இறுக ஒரு வாரமாவது விடுங்கள், தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டினால் அச்சு விழும். சிவப்பு மோட்டாரை நீலமாக்கியிருந்தால் தெருவில் ஓட்டும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் நிறத்தை மாற்றிப் பதிவு செய்துகொள்ளுங்கள், வண்டிப் பதிவுப் பத்திரமான கிராண்டில் ஒரு நிறமும் வண்டியில் ஒரு நிறமுமாக இருந்தால் ரோட்பிளாக்கில் நிறுத்திவிடுவார்கள்.