டைரியில் திட்டு வாங்கிய அம்மா

நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் டைரியைப் படித்த யாருக்கும் அவளுடைய அம்மாவைப் பிடித்திருக்க வாய்ப்பில்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அம்மாவின் மேல் வரும் கோபமெல்லாம் அதில் இருக்கிறது. பள்ளி நாட்களில் நானும் ஆன் கட்சிதான். என் வீட்டிலேயே ஒருத்தி கதவை அறைந்து சாத்த ஆரம்பித்த பிறகு மறுபடியும் படித்தபோது, அம்மா எடித் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஐரோப்பாவில் இரண்டு வாரம் சுற்றுகிற வாய்ப்பு கிடைத்ததும், அந்த அம்மாள் போன வழியிலேயே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

எடித் பிறந்தது 1900-இல், ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஆகன் நகரத்தில். கொஞ்சம் நடந்தால் நெதர்லாந்து எல்லை வந்துவிடும். பாஸ்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில், நடைபாதைக் கற்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் பித்தளைத் தகடுகள். நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள் குடியிருந்த வீடுகளின் முன்னால் ஐரோப்பா முழுக்கப் பதித்திருக்கிறார்கள். ஜெர்மன் பெயரைத் தமிழில் 'இடறுகல்' என்று சொல்லலாம். தாய்க்கும் இரண்டு பெண்களுக்கும் ஒவ்வொன்று. எழுத்து சின்னது, குனிந்தால்தான் படிக்க முடிகிறது. பால்காரர் போலத் தோன்றிய ஒருவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார், கல்லை மிதிக்காமல்.

1925 மே 12-ஆம் தேதி, ஆனின் அப்பா ஓட்டோவின் முப்பத்தாறாவது பிறந்தநாளன்று, இந்த ஊர் யூத ஆலயத்தில்தான் கல்யாணம். மாப்பிள்ளை முதல் உலகப் போரில் ஜெர்மானிய ராணுவத்தில் லெப்டினன்ட்டாக இருந்தவர். அந்த ஆலயத்தை 1938 நவம்பரில் கொளுத்திவிட்டார்கள். அதே இடத்தில் இப்போது புதிய ஆலயம் நிற்கிறது.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இலேயே குடும்பம் ஆம்ஸ்டர்டாமுக்குக் கிளம்பிவிட்டது. ஓட்டோவுக்கு அங்கே பெக்டின் வியாபாரம். ஜாம் கெட்டியாகச் சேர்க்கிற பொருள்.

ஆம்ஸ்டர்டாமில் எல்லோரும் பார்க்கிற மறைவிட வீட்டுக்குள் நான் போகவில்லை. டிக்கெட் இணையத்தில் மட்டும்தான், அதுவும் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தேடினேன். முழுக்க என் சோம்பேறித்தனம். ஆனால் அதனால்தான் டிராம் ஏறி, நகரின் தெற்கே மெர்வெடெப்ளைனுக்குப் போனேன். முக்கோணப் புல்வெளி, சுற்றிலும் பழுப்புச் செங்கல் அடுக்குமாடிகள். 37-ஆம் எண், இரண்டாம் மாடி. எட்டரை வருடம் அவர்கள் வாழ்ந்தது இங்கேதான். 1941 ஜூலையில் பக்கத்து வீட்டிலிருந்து இறங்கிவரும் மணமக்களைப் பார்க்க ஆன் ஜன்னலில் எட்டிப்பார்த்தாள். கல்யாணத்தைப் படமெடுத்தவர் அவளையும் சில நொடி பிடித்துவிட்டார். அவள் அசைகிற ஒரே படம் அதுதான்.

எனக்கு அந்த ஜன்னலுக்கு உள்ளே இருந்தவள் மேல்தான் கண். ஜெர்மனியில் குடியிருந்த பிராங்க்பர்ட் வீட்டு மேசை நாற்காலிகளையும் பெரிய கடிகாரத்தையும் விடாமல் கொண்டுவந்தவள். டச்சு மொழி கடைசிவரை நாக்கில் சரியாக உட்காரவில்லை. அண்ணன்கள் இருவரும் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவர்களுக்கும் விசா வாங்க ஓட்டோ 1941-இல் எழுதாத கடிதமில்லை. கிடைக்கவில்லை.

1942 ஜூலை 5-ஆம் தேதி, ஆனின் அக்கா, பதினாறு வயது மார்கோட்டுக்கு வேலை முகாமுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. மறுநாள் காலை மழையில் கிளம்பினார்கள். மார்கோட் சைக்கிளில், ஓட்டோவின் அலுவலகத்தில் வேலை பார்த்த மீப் கீஸோடு முன்னால் போய்விட்டாள். மற்ற மூவரும் நடை. யூதர்கள் டிராமில் ஏறக்கூடாது என்று சட்டம். பெட்டியோடு போனால் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் துணிமேல் துணியாக உடுத்திக்கொண்டார்கள். நானும் அந்த வழியே மறைவிட வீடு இருக்கும் பிரின்சன்கிராக்ட் 263 வரை நடந்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. போட்டிருந்தது ஒரே ஒரு மேல்சட்டை. பாதி வழியிலேயே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு, 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபட்டார்கள். நான்கு நாளில் வெஸ்டர்போர்க்.

வடகிழக்கில் காட்டுக்கு நடுவே இருக்கிறது அந்த முகாம். 1939-இல் ஜெர்மனியிலிருந்து ஓடிவந்த யூதர்களுக்காக டச்சு அரசே கட்டியது என்பதுதான் கொடுமை. பக்கத்தில் ராட்சத வானொலித் தொலைநோக்கிகள் வரிசையாக நிற்கின்றன, வண்டிகள் அவற்றுக்கு இடைஞ்சல் என்பதால் காரில் உள்ளே போக முடியாது. நடந்தேன். அணிவகுப்புத் திடலில் 1,02,000 கற்கள், திரும்பி வராத ஒவ்வொருவருக்கும் ஒன்று, உயரம் முன்னே பின்னே. தூரத்திலிருந்து செங்கல் சூளை மாதிரி இருந்தது. ஒளிந்திருந்த குற்றத்துக்காக ஃபிராங்க் குடும்பத்தைத் தண்டனைக் குடிலில் அடைத்தார்கள். பழைய பேட்டரிகளை உடைக்கிற வேலை. செப்டம்பர் 3-ஆம் தேதி, 1,019 பேரோடு ஆஷ்விட்ஸ் ரயில். வெஸ்டர்போர்க்கிலிருந்து அங்கே போன கடைசி ரயில் அதுதான்.

ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவில் பெண்கள் முகாமின் செங்கல் குடிசைகள் இன்னும் சில நிற்கின்றன. தாயும் பெண்களும் இங்கே ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியவே இல்லை என்று உடனிருந்து தப்பியவர்கள் சொன்னார்கள். டைரிக் கோபமெல்லாம் எங்கே போனதோ. இலையுதிர்காலக் கடைசியில் மகள்கள் இருவரையும் பெர்கன்-பெல்சன் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். எடித்தை அனுப்பவில்லை. அதனால் நானும் அங்கே போகவில்லை. 1945 ஜனவரி 6-ஆம் தேதி எடித் இறந்தாள். சோவியத் படை 27-ஆம் தேதி வந்தது. பெண்கள் இருவரும் அடுத்த சில வாரங்களில், டைஃபஸ் காய்ச்சலில்.

படை வந்தபோது ஓட்டோ உயிரோடு இருந்தார், முதன்மை முகாமின் நோயாளிக் குடிலில். மனைவி போய்விட்ட செய்தி, ஊர் திரும்பும் வழியில்தான் அவருக்குத் தெரிந்தது. அந்த முகாமிலிருந்து பிர்கெனாவ் மூன்று கிலோமீட்டர். பார்வையாளர்களுக்காக இடையில் இலவச பஸ் ஓடுகிறது. ஏறி உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள்.