உத்ரெக்ட் நகராட்சியில் பெயரைப் பதிந்த கதை

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் வாடகை வீடு தேடுகிறவர்கள் விளம்பரத்தின் கடைசி வரியை முதலில் படியுங்கள். 'முகவரிப் பதிவு கிடையாது', அதாவது அந்த முகவரியில் நகராட்சியில் பெயரைப் பதிய முடியாது, என்று போட்டிருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவது நல்லது. அனுமதி வாங்காமல் வீட்டைப் பலருக்குப் பிரித்து விடுகிறவர்களும், தாமே வாடகைக்கு இருந்துகொண்டு உள்வாடகைக்கு விடுகிறவர்களும்தான் பெரும்பாலும் இப்படிப் போடுகிறார்கள். நெதர்லாந்தில் நான்கு மாதத்துக்கு மேல் தங்கப்போகிற எவரும், வந்து இறங்கிய 5 நாளுக்குள் தாம் குடியிருக்கும் ஊரின் நகராட்சியில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே நம் பெயர், பிறப்பு, திருமணம், முகவரி எல்லாம் பி.ஆர்.பி. என்கிற பதிவேட்டில் ஏறும். ஏறியதும் பி.எஸ்.என். என்ற 9 இலக்க எண் கிடைக்கும். அந்த எண்ணைக் கொடுக்காத ஊழியரின் சம்பளத்தில் 52 சதவீதம் வரி பிடிக்கச் சொல்கிறது விதி. வங்கி, மருத்துவக் காப்பீடு, பிள்ளையின் பள்ளி என்று எங்கே போனாலும் முதல் கேள்வி அந்த எண்தான்.

வேலை நிமித்தம் கோவையிலிருந்து மனைவி, மகளோடு வந்தேன். நிறுவனத்தில் எனக்கு முன்பே வந்திருந்த அண்ணன் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது: "தம்பி, இங்க கவுன்ட்டர்ல பத்து நிமிஷ வேலைதான். மிச்சமெல்லாம் ஊர்லயே முடிச்சுட்டு வரணும்." அவர் சொன்னது அப்படியே உண்மை.

ஊரிலேயே முடிக்க வேண்டியது பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும். இரண்டிலும், வெளிநாட்டில் ஏற்பதற்காக ஆவணத்தை உறுதிசெய்யும் அப்போஸ்டில் என்ற இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை இருக்க வேண்டும். அதற்கு முன் மாநில அரசின் சான்றொப்பம் வேண்டும். இதையெல்லாம் முடித்துத் தருவதற்கென்றே முகவர் நிறுவனங்கள் இருக்கின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், நம்மில் பலருடைய பழைய பிறப்புச் சான்றிதழில் பெயர் என்ற கட்டமே காலியாக இருப்பது. பிறந்தவுடன் ஆஸ்பத்திரியிலிருந்து போன தகவலில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். பெயர் வைத்த பிறகு யாரும் போய்ச் சேர்த்திருக்க மாட்டார்கள். இப்படிப்பட்டவர்கள் முதலில் உள்ளூர் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்கி, அதன் பிறகுதான் அப்போஸ்டிலுக்குப் போக முடியும். விசா வந்த பிறகு இதை ஆரம்பித்தால் விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். ஒரு நல்ல விஷயம், ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய நான்கில் ஒன்றில் இருந்தால் மொழிபெயர்ப்பு தேவையில்லை. நம் சான்றிதழில் தமிழோடு ஆங்கிலமும் இருப்பதால் அந்தச் செலவு மிச்சம்.

இனி இங்கே நடந்தது. நகராட்சி அலுவலகமான ஸ்டாட்ஸ்கண்டோர், உத்ரெக்ட் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டியே நிற்கிறது. 2014-இல் திறந்த வெள்ளைக் கட்டடம். ரயிலை விட்டு இறங்கி, நிலையத்தின் மேல்தளத்திலேயே நடந்தால் அதன் வாசல் வந்துவிடும். மழையில் நனைய வேண்டியதில்லை. இந்த ஊர் மழையைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும். முன்பதிவு இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்பதிவோ நான் கேட்ட வாரத்தில் கிடைக்கவில்லை. அந்த 5 நாள் விதியை நினைத்துப் பதறியபோது அதே அண்ணன்தான், கெடுவுக்குள் நாம் தொடர்பு கொண்டுவிட்டால் நேரம் தள்ளிக் கிடைப்பதற்கு நம்மைக் குற்றம் சொல்ல மாட்டார்கள் என்றார். அப்படித்தான் ஆனது. குடும்பத்தில் எல்லோரும், குழந்தை உட்பட, நேரில் போக வேண்டும். பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி, வாடகை ஒப்பந்தம், அப்போஸ்டில் போட்ட சான்றிதழ்கள் எல்லாமே அசலாக இருக்க வேண்டும். யார் வீட்டிலாவது தங்கியிருந்தால் அந்த வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சம்மதப் படிவமும் அவருடைய அடையாள அட்டையின் நகலும் தேவை. பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

கவுன்ட்டரில் இருந்த அம்மா நல்ல ஆங்கிலம் பேசினார். தாளையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார், திருப்தியானார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் பெயருக்கு வந்தார்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. இனிஷியலோடு வளர்ந்த நமக்கு அது இயல்பு. இவர்களுடைய பதிவேட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்க முடியாது. ஒரே பெயர் உள்ளவருக்கு அந்தப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, முதற்பெயரைக் காலியாக விடுவதுதான் இங்கே விதி. ஆக, என் அம்மா ஆசையாக எனக்கு வைத்த பெயர் என் வம்சப் பெயராகிவிட்டது! எனக்கென்று தனிப்பெயர் எதுவும் இல்லை. சரி, ஏட்டில்தானே என்று விட்டுவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு எந்த இணையப் படிவத்தைத் திறந்தாலும் முதற்பெயர் கட்டாயம் என்று சிவப்பில் வந்து நிற்கும். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தளம் புள்ளியை ஏற்கவில்லை, கோட்டையும் ஏற்கவில்லை. கடைசியில் தொலைபேசியில் கூப்பிட்டுத்தான் முடித்தேன்.

அப்படியானால் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுக்கொண்டு வந்தால் சரியாகிவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். முழுதாகச் சரியாகாது. இவர்கள் பாஸ்போர்ட்டைவிடப் பிறப்புச் சான்றிதழுக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள். சான்றிதழில் பிள்ளையின் பெயர் மட்டும் ஒரு கட்டத்திலும் அப்பா பெயர் வேறொரு கட்டத்திலும் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று அவர்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம்.

மனைவியின் விஷயம் வேறு. அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பது அவருடைய அப்பா பெயர். மகளுடையதில் என் பெயர். மூன்று பேர், இரண்டு குடும்பப் பெயர்கள். இதைப் பார்த்து அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. நெதர்லாந்தில் கல்யாணம் ஆனாலும் பெண்ணின் சட்டப்பூர்வப் பெயர் பிறந்த பெயராகவே இருக்கும். கடிதங்களில் எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று மட்டும் கேட்பார்கள்: சொந்தப் பெயரா, துணைவர் பெயரா, இரண்டும் சேர்த்தா, சேர்த்தால் எது முன்னால். "உங்களுக்கு எது வேண்டும்?" என்று அவர் கேட்டது என்னிடம் அல்ல, என் மனைவியிடம். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் தன் பெயரையே சொன்னார்.

அடுத்த கட்டம் தபால்பெட்டி. டிஜிடி என்று அரசுத் தளங்களுக்கெல்லாம் ஒரே கடவுச்சாவி இருக்கிறது. விண்ணப்பித்தால் அதைத் திறக்கும் எண் கடிதமாக வீட்டுக்கு வரும். அதனால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிவையுங்கள். வரித்துறைக் கடிதங்கள் நீல உறையில் வரும், அவற்றைப் பிரிக்காமல் போடாதீர்கள். இந்தியர்கள் வந்த மூன்று மாதத்துக்குள் ஜி.ஜி.டி. என்ற பொதுச் சுகாதார அலுவலகத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரேதான், சீக்கிரம் முடிந்துவிடும். மருத்துவக் காப்பீட்டுக்கு நான்கு மாத அவகாசம் உண்டு என்று நிதானமாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எப்போது எடுத்தாலும் கடமை தொடங்கிய நாளிலிருந்தே பிரீமியத்தைக் கணக்குப் போட்டு வாங்கிவிடுவார்கள். தள்ளிப்போடுவதில் ஒரு யூரோ லாபம் கிடையாது.

இந்த அரசு அலுவலகங்களுக்குப் போக விடுப்பு எடுத்த நாள்களில்தான் நாங்கள் ஊரையே பார்த்தோம். நிலையத்தின் மறுபக்கம், ஹோக் கத்தரைனெ என்ற பெரிய வணிக வளாகத்தைத் தாண்டினால் ஒரு கால்வாய். 1970-களில் அதன் ஒரு பகுதியைத் தூர்த்துக் கார்களுக்கு அகலச் சாலை போட்டார்கள். அப்புறம் மனம் மாறி, சாலையைத் தோண்டி எடுத்து 2020-இல் மறுபடி தண்ணீர் விட்டுவிட்டார்கள். ஏரியைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டிய ஊர்களிலிருந்து வந்தவன் என்பதால் அந்தப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நிலையச் சதுக்கத்துக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்தும் இடம் இருக்கிறது. முதல் 24 மணி நேரம் இலவசம். சைக்கிளை ஓட்டியபடியே உள்ளே போகலாம். தடை செய்த இடத்தில் வெளியே நிறுத்தினால் நகராட்சி தூக்கிக்கொண்டு போய்விடும், மீட்கப் பணம் கட்ட வேண்டும்.

மகளுக்குப் பிடித்தது வேறு. மிஃபி என்று உலகம் அறிந்த முயல்குட்டியை, இங்கே நெய்ன்ட்யெ என்பார்கள், 1955-இல் படைத்த டிக் புருனா இந்த ஊர்க்காரர். நகர நடுவில் பாதசாரிகளுக்கான ஒரு சிக்னலில் மனித உருவத்துக்குப் பதில் அந்த முயல்தான் சிவப்பாகவும் பச்சையாகவும் எரியும். பச்சை விழுந்தும் கடக்காமல், மறுபடி சிவப்பைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். அங்கிருந்து சில நிமிட நடையில் நெய்டெ சதுக்கத்து நூலகம். 1924-இல் தலைமைத் தபால் நிலையமாகத் திறந்த கட்டடம் அது. மஞ்சள் செங்கல் வளைவுகள் கூரை வரை ஏறுகிற பெரிய கூடத்தில் 2020 முதல் நூலகம் இயங்குகிறது. 18 வயது வரை உறுப்பினர் கட்டணம் இல்லை. பி.எஸ்.என். கையில் வந்ததும் எங்கள் வீட்டில் முதலில் அட்டை வாங்கியவள் மகள்தான்.

தாள் வேலை நிலையத்தை ஒட்டிய வெள்ளைக் கட்டடத்தில் நடந்தாலும் நகர மன்றம் கூடுவது கால்வாய்க் கரையில் இருக்கும் பழைய நகர மண்டபத்தில். மத்திய காலத்து வீடுகள் பலவற்றை ஒன்றாக இணைத்து வளர்ந்த கட்டடம் அது. ஜிப்ரால்டரை ஸ்பெயினிடமிருந்து பிரிட்டனுக்குக் கொடுத்த 1713 உத்ரெக்ட் உடன்படிக்கைக்கான பேச்சுகள் அங்கேதான் நடந்தன. முன்பக்கம் தூண்களோடு விறைப்பாக நிற்கும். பின்பக்கம் போய்ப் பாருங்கள், ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் என்ரிக் மிரால்யெஸ் வடிவமைத்து 2000-இல் முடிந்த பகுதி, பழைய செங்கல்லையே வைத்துக் கோணல்மாணலாக விளையாடியிருக்கிறார். எனக்குப் பிடித்தது, மனைவிக்கு அரைகுறை வேலை மாதிரி தெரிந்தது. மன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். நானும் போனேன். 45 உறுப்பினர்கள், டச்சில் விவாதம், பாதிக்குமேல் புரியவில்லை. மேயரை இங்கே மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மன்றம் பரிந்துரைக்க, அரசாணையில் நியமிக்கிறார்கள். 2020-இல் ஷாரோன் டெய்க்ஸ்மா வந்ததும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்த நமக்கும், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் முறையாக வசித்தால் நகராட்சித் தேர்தலில் வாக்கு உண்டு. பலருக்கு இது தெரியாது. இங்கே கோயிலிலோ சர்ச்சிலோ கல்யாணம் செய்வதற்கு முன் நகராட்சியில் பதிவுத் திருமணம் முடிந்திருக்க வேண்டும். 1879 சட்டப்படி, 10,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களில் வாரத்தில் இரண்டு நேரங்களில் அதை இலவசமாகச் செய்துவைக்க வேண்டும்.

டோம் கோபுரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1321-இல் தொடங்கி 1382-இல் முடிந்த, சுமார் 112 மீட்டர் உயரத் தேவாலயக் கோபுரம். வழிகாட்டியோடுதான் ஏற விடுகிறார்கள், 465 படிகள். கோபுரத்துக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் ஒரு சதுக்கம் திறந்து கிடக்கும். அங்கே இருந்த தேவாலய நடுக்கூடம் 1674 ஆகஸ்டில் அடித்த சூறாவளியில் இடிந்து விழுந்தது. பணம் இல்லாமல் இடிபாட்டை ஒன்றரை நூற்றாண்டு அப்படியே போட்டுவைத்தார்கள். 1826-இல்தான் அள்ளினார்கள், திரும்பக் கட்டவேயில்லை. தூண்கள் இருந்த இடத்தைத் தரைக்கல்லில் வேறு நிறத்தில் காட்டியிருக்கிறார்கள். கோபுரத்தைவிட உயரமாக ஊருக்குள் யாரும் கட்டக் கூடாது என்பது எழுதப்படாத வழக்கு. நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரபோ வங்கித் தலைமையகம் 105 மீட்டரோடு நின்றுகொண்டது.

பதிவுக்குப் பிறகு வருகிற வேலைகள் சின்னவை. குப்பை வரியும் நீர் வாரிய வரியும் ஒரே ரசீதாக வரும், தவணையில் கட்டலாம். வீடு மாறினால், மாறுவதற்கு நான்கு வாரம் முன்பிருந்து மாறிய 5 நாள் வரைக்குள் இணையத்திலேயே தெரிவிக்கலாம். ஒரு வருடத்தில் 8 மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருக்கப்போகிறவர்கள் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக்கொடுக்க வேண்டும். ஊருக்கே திரும்பிவிட்ட நண்பர் ஒருவர் இதைச் செய்யாமல் விமானம் ஏறிவிட்டார். அவர் பெயருக்கு வரும் கடிதங்களை அந்த வீட்டில் இப்போது இருப்பவர் என்னிடம் கொண்டுவந்து கொடுக்கிறார், நான் படம் பிடித்து அவருக்கு அனுப்புகிறேன். இந்த வருடத்துக் குப்பை வரி ரசீதும் வந்துவிட்டது.